வனவிலங்குக் குற்றங்களைத் தடுக்கும் அதிகாரி ஆக என்ன தேர்வு, என்ன தகுதி?

பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டது இது: “வேட்டைக்காரர்களையும் கடத்தல்காரர்களையும் பிடிக்கிற வனவிலங்கு அதிகாரி ஆக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும்? என் உயரம் 154 செ.மீ., போதுமா? 25 கிலோமீட்டர் நடக்கச் சொல்வார்களாமே, பெண்களால் முடியுமா? வீட்டில் இதெல்லாம் ஆபத்தான வேலை என்று பயப்படுகிறார்கள்.”

உயரம் போதும் அம்மா. நடையும் முடியும். உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. வனச்சரகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், ‘வனவிலங்கு அதிகாரி’ என்று தனியாக ஒரு பதவியோ தேர்வோ தமிழ்நாட்டில் கிடையாது. வேட்டையைத் தடுப்பது, சோதனை போடுவது, கைது செய்வது, வழக்கு நடத்துவது எல்லாம் வனத்துறையின் சீருடைப் பணியாளர்கள் கையில்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர்தான் அந்தப் பிரிவின்படி சோதனை போடவும் கைது செய்யவும் முடியும். வனத்துறையில் வன அலுவலர் எவருக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஆகவே எந்த மட்டத்தில் உள்ளே போனாலும் நீங்கள் கேட்கிற வேலைதான் கிடைக்கும்.

டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்குச் சென்னையிலும் மண்டல அலுவலகம் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் வனத்துறை, போலீஸ், சுங்கத்துறை போன்ற இடங்களிலிருந்து அயற்பணியில் (டெபுடேஷனில்) போகிறவர்கள். படித்து முடித்த கையோடு அங்கே சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பி ஆண்டுகளை வீணாக்காதீர்கள். விமான நிலையத்தில் நட்சத்திர ஆமையும் வெளிநாட்டுக் குரங்குக் குட்டியும் பிடிபடுகிற செய்திகளைப் பார்த்து ஆசை வந்திருந்தால் அதற்கு வழி சுங்கத்துறை. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில், கடத்தலைத் தடுக்கும் ப்ரிவென்டிவ் ஆபீசர் பதவியைக் குறிவைக்க வேண்டும். காடுதான் வேண்டும் என்றால் வனத்துறை.

இனி வாசல்கள். கடைநிலையில் வனக் காவலர், பத்தாம் வகுப்புத் தகுதி. அடுத்து வனக்காப்பாளர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது படித்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்பு வனத்துறையே ஒரு தேர்வுக் குழு வைத்துத் தனியாக ஆள் எடுத்தது. 2018இல் வனவர் 300, வனக்காப்பாளர் 726, ஓட்டுநர் உரிமத்துடன் கூடிய வனக்காப்பாளர் 152 என்று எடுத்தது அந்தக் குழுதான். 2024 முதல் வனக்காப்பாளரும் வனக் காவலரும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குள் வந்துவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தனி அறிவிப்பு வரும் என்று காத்திருக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கு மேலே வனவர். பட்டம் வேண்டும், குறிப்பிட்ட அறிவியல் பாடங்களில். உங்கள் விலங்கியல் அதில் அடங்கும். இது இப்போது குரூப் 2இல் வருகிறது. அதற்கு மேலே குரூப் 6, அதாவது வனத் தொழில் பழகுநர். தேர்வாகிப் பயிற்சி முடித்தால் நேராக வனச்சரகர். பிறகு குரூப் 1ஏ, உதவி வனப் பாதுகாவலர். இந்த இரண்டிலும் காலியிடங்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளில் அறிவிப்பே வராது. எல்லாவற்றுக்கும் மேலே யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணி. முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்களோடு பொதுவானது. முதன்மைத் தேர்வு 1400 மதிப்பெண், நேர்காணல் 300. ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுத முடியும். சிவில் சர்வீஸ் மாதிரி தமிழில் எழுதலாம் என்று நினைத்துத் தயாராகி, விண்ணப்பிக்கும்போது அதிர்ச்சியடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு என் யோசனை: குரூப் 4ஐயும் குரூப் 2ஐயும் சேர்த்தே எழுதுங்கள். பாடத்திட்டத்தில் பெரும்பகுதி ஒன்றுதான். ‘டிகிரி படித்துவிட்டு வனக்காப்பாளரா’ என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வனக்காப்பாளரிலிருந்து வனவர், வனவரிலிருந்து வனச்சரகர் என்று பதவி உயர்வு உண்டு. பீட்டில், அதாவது காவல்சுற்றில், நடந்து பழகி மேலே வந்த சரகருக்கும் நேராக நாற்காலிக்கு வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் வழக்கிலேயே தெரிந்துவிடும். இந்திய வனப் பணியைக் கனவாக வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதற்காக மட்டும் நான்கைந்து வருஷம் வீட்டில் உட்கார வேண்டாம்.

இப்போது உடல் தகுதி. ஆண்களுக்கு 163 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. உயரம். பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. மார்பளவு எடுப்பார்கள். மூச்சை இழுக்கும்போது 5 செ.மீ. விரிய வேண்டும். பல பேர் இதை அலட்சியமாக விட்டுவிட்டு, அளக்கும் நேரத்தில் 4 செ.மீ.யில் நிற்பார்கள். தினமும் கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, நீச்சல் தெரிந்தால் நீச்சல், போதும்.

நடைத் தேர்வு: ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கி.மீ., பெண்களுக்கு அதே 4 மணி நேரத்தில் 16 கி.மீ. கணக்குப் போடுங்கள். உங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 15 நிமிஷம். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வேகம்தான். தூரம் பழகினால் போதும், வேகம் பிரச்சினையே இல்லை. ஆண்களுக்குக் கதை வேறு. கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 36 விநாடி. அது சும்மா நடந்தால் வராது. ஓடினால் பாதியில் தீர்ந்துபோவோம். வேக நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது. அதைத்தான் பழக வேண்டும். தம்பிமார் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 5 கி.மீ.க்கு 48 நிமிஷம். ஐந்து தடவை அதைச் செய்தால் சரியாக 4 மணி நேரம். முதல் இரண்டு ஐந்தை 45, 46 நிமிஷத்தில் முடித்துவிட்டால் கடைசி ஐந்துக்குக் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். அந்தக் கையிருப்பு கண்டிப்பாகத் தேவைப்படும், ஏனென்றால் 18ஆவது கிலோமீட்டருக்கு மேல் மூச்சைவிடப் பாதம்தான் கைவிடும். குதிகாலில் கொப்புளம், தொடை இடுக்கில் உராய்வு, ஆடுசதையில் பிடிப்பு. தேர்வுக்கென்று புது ஷூ வாங்கி அன்றைக்கே போடுகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். ஷூவையும் சாக்ஸையும் குறைந்தது ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். மைதானத்து மண்ணில் மட்டும் பழகாமல் தார் ரோட்டிலும் நடங்கள்.

வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட்டில் இதே 25 கி.மீ. நடைத் தேர்வில் ஓர் இளைஞர் மயங்கி விழுந்து இறந்தார். பயிற்சியே இல்லாமல், முந்தின இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நடக்கத் தொடங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதல் நாளே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக, உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் குடியுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். அடுத்த வருஷமும் தேர்வு வரும்.

இந்த நடைத் தேர்வு தகுதிக்கு மட்டும்தான். இரண்டு மணி நேரத்தில் நடந்து முடித்தாலும் மூன்றே முக்கால் மணியில் முடித்தாலும் ஒன்றுதான். உங்களை மேலேயோ கீழேயோ தள்ளுவது எழுத்துத் தேர்வு. நான் முதலில் சொன்ன, பயப்பட வேண்டிய இடம் அது.

குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். எடுத்தால் அந்த மதிப்பெண் மொத்தத்தோடு சேரும். 75 கேள்வி பொது அறிவு, 25 கேள்வி கணக்கும் அறிவுக்கூர்மையும். கோச்சிங் சென்டர்களில் பிள்ளைகள் பொது அறிவுக்கே உயிரை விடுவார்கள். தமிழ் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை இலக்கணத்தோடு கரைத்துக் குடித்தவர்கள்தான் பட்டியலில் முன்னால் நிற்கிறார்கள். குரூப் 2 என்றால் முதல்நிலைக்குப் பிறகு முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்.

தமிழ் எழுதும் பழக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் தேர்வு மட்டும் இல்லை. வேலைக்குப் போன பிறகு உங்கள் கையில் இருக்கிற முதல் ஆயுதம் அதுதான்.

ஓர் உதாரணம். ரோந்தில் ஒரு தோட்டத்து வேலியோரம் சுருக்குக் கம்பியும், பக்கத்துக் கொட்டகையில் ஒரு பாலிதீன் பையில் இறைச்சியும் கிடைக்கிறது. ஆள் பிடிபட்டுவிட்டார். சினிமாவில் கதை இங்கே முடிந்துவிடும். நமக்கு இங்கேதான் தொடங்குகிறது. உடனே அந்த இடத்திலேயே மகஜர், அதாவது என்ன, எங்கே, எப்படிக் கைப்பற்றினோம் என்ற குறிப்பு, எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எழுதத் தொடங்கினீர்கள், எந்த வெளிச்சத்தில் எழுதினீர்கள், இடம் எந்தச் சரகம், எந்தப் பிரிவு, எந்தக் காவல்சுற்று, ஜி.பி.எஸ். எண் என்ன, கம்பி எவ்வளவு நீளம், எதில் கட்டியிருந்தது, முடிச்சு எப்படி, பையின் நிறம் என்ன, எடையை எந்தத் தராசில் போட்டீர்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘மான் கறி’ என்று எழுதக் கூடாது. ‘மான் இறைச்சி எனச் சந்தேகிக்கப்படும் இறைச்சி’ என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் அது மான்தான் என்று சொல்ல வேண்டியது ஆய்வகம். வண்டலூரில் இருக்கும் உயர்நிலை வனவிலங்குப் பாதுகாப்பு நிறுவனத்துக்கோ ஹைதராபாத்தில் இருக்கும் சி.சி.எம்.பி. என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வகத்துக்கோ மாதிரி போகும். மாதிரியை ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் டி.என்.ஏ. கெட்டுவிடும், அந்த வழக்கும் அதோடு போய்விடும். எத்தனால் வேண்டும். சீல் வைக்க வேண்டும். சீலின் அச்சு மகஜரிலும் இருக்க வேண்டும். ஊரைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். அவர்கள் பிறகு கோர்ட்டில் பிறழ்சாட்சி ஆகக்கூடும் என்பதையும் நினைத்துக்கொண்டே எழுத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆக செல்போனில் சார்ஜ் இருந்ததா என்பதும் இப்போது வழக்கின் ஒரு பகுதி.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நுணுக்கம்? வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு நமக்குப் பெரிய பலம் தருகிறது. வனவிலங்குப் பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், அது சட்டப்படிதான் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. ஆனால் ‘அவர் வசம் இருந்தது’ என்பதை நிரூபிக்க நம்மிடம் இருப்பது அந்த மகஜர் மட்டும்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அதை வரி வரியாகப் படிப்பார். காலை 6 மணிக்குக் கைது, மகஜரில் 5.30 மணிக்குக் கையெழுத்து என்று ஒரு சின்ன முரண் இருந்தால் போதும். அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் பட்டியலான அட்டவணை 1இல் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஒருவருடைய வாழ்க்கையில் ஏழு ஆண்டு பற்றிப் பேசுகிறோம். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போவதுதான் நியாயம். நம் கவனக்குறைவால் அப்படிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

வனத்துறை வழக்கில் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை என்ற பாதை இல்லை. 55ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலரே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். சாட்சிகளை வரவழைத்து வாக்குமூலம் பதிவு செய்கிற அதிகாரம் 50(8)இன்படி உதவி வனப் பாதுகாவலருக்குக் குறையாத, அரசு அதற்கென அதிகாரம் கொடுத்த அலுவலருக்குத்தான். கீழ்மட்டத்தில் இருக்கிறவர் ஆர்வக் கோளாறில் தானே எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிட்டால் அது நிற்காது. தன் அதிகாரம் எதுவரை என்று தெரிந்திருப்பது இந்த வேலையில் பாதி.

அந்த எல்லை மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தனக் கடத்தலைத் தேடி என்ற பெயரில் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 215 பேரில் 126 பேர் நம் சீருடை போட்டவர்கள். பயிற்சியில் சேருகிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. கூண்டுக் கிளியோடு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஜோசியக்காரரிடம் போய் நிற்கும்போதும் அது நினைவில் இருக்க வேண்டும். கிளியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்தான், பறிமுதல் செய்யத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் பேசுகிற முறை ஒன்று இருக்கிறது.

வீட்டில் பயப்படுவதைப் பற்றி. ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வேட்டைக்காரர்களைவிட யானைதான் அதிக ஆபத்து. ஊருக்குள் வந்த யானையை இரவில் காட்டுக்குத் திருப்புவது, கரடி வந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுவது, கோடையில் காட்டுத் தீ அணைப்பது. வருஷத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகும், வேட்டை வழக்கு இடையில் வரும். காட்டுப்பன்றிக்காக வைக்கிற அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியை, கடித்து வாய் சிதைந்த யானையை ஒரு தடவை பார்த்துவிட்டால், அந்த வழக்கை ஏன் விடக்கூடாது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரம் பக்கம் போட்டால் காடே இருக்காது, கடல்தான். மன்னார் வளைகுடாவில் படகில் ரோந்து போய்க் கடல் அட்டைக் கடத்தலைப் பிடிக்க வேண்டும். கடல் அட்டை 2001 முதல் பிடிக்கத் தடை செய்யப்பட்ட உயிரினம். நீச்சல் தெரிந்திருப்பது நல்லது என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண்கள் இப்போது வனவராகவும் சரகராகவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரவு ரோந்தும் போகிறார்கள். தங்கும் இடம், கழிப்பறை வசதி இவை எல்லா முகாமிலும் சரியாக இல்லை என்பது உண்மை. அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒன்று சொல்லுங்கள்: தனியாக யாரையும் காட்டுக்குள் அனுப்புவதில்லை. உங்களோடு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வருவார்கள். பெரும்பாலும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு ஒடிந்த குச்சியைப் பார்த்து யானை எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லுவார்கள். வைகை அணையில் உள்ள பயிற்சிக் கல்லூரியில் கவாத்தும் (டிரில்) சட்டமும் மரம் அளப்பதும் கற்றுக்கொடுப்பார்கள். காட்டைக் கற்றுக்கொடுப்பவர்கள் இவர்கள்தான். வயதில் மூத்தவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுப் பின்னால் நடங்கள். சம்பளத்திலும் பதவியிலும் அவர் உங்களுக்குக் கீழே இருப்பார், அதை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, காகித வேலை. டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருமுறைப் பதிவை இப்போதே முடித்து வையுங்கள். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் அதற்குரிய படிவத்தில் வாங்குங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் கேட்டுவிட்டுச் சரிபார்ப்பின்போது சான்றிதழ் காட்ட முடியாமல் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும், இன்ஷியல் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். எந்தத் தேதியில் நிரம்பியிருக்க வேண்டும் என்பது அறிவிப்பில் இருக்கும். அப்புறம் கண். ஒரு நல்ல கண் மருத்துவரிடம் போய்ப் பார்வை மட்டுமல்லாமல் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் படித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் முதல் தடவையாக அதைத் தெரிந்துகொள்வதைவிட, படிக்க உட்காருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அதை இந்த மாதமே செய்துவிடுங்கள். நடைப் பயிற்சியை நாளைக் காலையே தொடங்கலாம், முதலில் 5 கி.மீ. போதும்.